கண் திறக்காத ராட்சசன்

"ராட்சசன் காஞ்சுட்டானா பாரு!"

"மூக்கு மட்டும் ஈரமா இருக்குதுங்க."

மாமாவின் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் காதில் விழுந்த பேச்சு இது. செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, கையில் சான்றிதழும் தலைக்குள் நூறு யோசனையுமாக வந்து நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? இப்படிப் பேசுகிறவர்களோடு வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் கூரையும் சுவரும் தகரத்தால் ஆன ஷெட்டு எங்களுடையது. முன்பக்கம் ப்யூஸ் கட்டை, பின்பக்கம் ராட்சசன். ப்யூஸ் கட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையாக, ஒரே மாதிரி, வாயில்லாப் பூச்சியாக வந்து போகும். ராட்சசன்தான் எங்கள் கதாநாயகன். புது வீடு கட்டுகிறவர்கள் கண்ணேறு படாமல் இருக்க முகப்பில் மாட்டுவார்களே, பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லும் முறுக்கு மீசையும் தொங்குகிற நாக்குமாக ஒரு முகம், அதுதான். மற்ற ஊர்களில் அதைப் பூசணிக்காயில் வரைவார்கள், தகரத்தில் அடிப்பார்கள். நாங்கள் அச்சில் ஊற்றிச் சூளையில் சுட்டு, வர்ணம் எழுதி, கண்ணாடிப் பளபளப்புக்குக் கிளேசு போட்டு மறுபடி சுட்டு, மழை வெயிலுக்கு அசையாதவனாக அனுப்புவோம்.

மாமா பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இந்த ஷெட்டை வாங்கினவர். தொழுகை முடிந்து திரும்புகிற வழியில் யாராவது எட்டிப் பார்த்து, "என்னா பாய், நீங்க போயி இந்த மாதிரி உருவம் செய்யலாமா?" என்று கிண்டினால் அவர் அசர மாட்டார்.

"உருவமா? இது போர்டுங்க. 'நாய் ஜாக்கிரதை'ன்னு எழுதித் தொங்க வுடுறாங்கல்ல, அந்த மாதிரி."

கேட்டவர் யோசித்து முடிப்பதற்குள் டீ வந்துவிடும்.

எனக்கு வார்த்தைகளின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. வீட்டில் அண்ணன் மகன், துபாயிலிருந்து வந்த பெரிய சக்கரம் வைத்த பொம்மை வண்டியை உருட்டிக்கொண்டு "மான்ஸ்டர், மான்ஸ்டர்" என்று கத்துவான். ஒரு நாள் நிறுத்திவிட்டு, "மான்ஸ்டருக்குத் தமிழ்ல என்னா மாமி?" என்று கேட்டான். எங்கள் வீடுகளில் அத்தைக்கு மாமி என்றுதான் பெயர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். ஒற்றை வார்த்தை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பயங்கரத்துக்கும் நாம் தனியாக ஆள் வைத்திருக்கிறோம். உருவம் பெரிதாக இருந்தால் போதும், ராட்சசன். பொருட்காட்சியில் சுற்றுவது ராட்சச ராட்டினம், ரோட்டோரம் புதைக்கக் கிடப்பது ராட்சசக் குழாய். கொடுமை செய்தால் அரக்கன். சுவரில் மது அரக்கன், பள்ளிக்கூடக் கட்டுரையில் பிளாஸ்டிக் அரக்கன். அசுரன் மட்டும் எப்படியோ நல்ல பேர் வாங்கிக்கொண்டான். அசுர வேகம், அசுர உழைப்பு என்றால் பாராட்டு. பூதத்துக்குச் சுமை தூக்குகிற வேலை. கோயில் தூணின் உச்சியில் தொப்பையும் தானுமாக உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், சம்பளம் கேட்காது. எங்கள் வீடுகளில் ஜின்னு. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அம்மாவுக்குக் கோபம் வந்தால் நான் சைத்தான்களுக்கெல்லாம் தலைவனான இபுலீசு.

இதையெல்லாம் பெயிண்டிங் மேஜையில் உட்கார்ந்து அக்காவிடம் ஒப்பிப்பேன். கூடப் பிறந்தவள் இல்லை. ஷெட்டில் வர்ணம் எழுதுகிற மூன்று பெண்களில் மூத்தவள், அதனால் எல்லாருக்கும் அக்கா. ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்து விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"எங்க ஊர்ச் சாமி யாருன்னு தெரியுமில்ல? பூமியப் பாயாச் சுருட்டிக்கிட்டு ஓடுன அரக்கன, பன்னி அவதாரமெடுத்துத் தொரத்திப் போயி முடிச்சவரு. அவனையே பாத்தாச்சு. இவனுங்க எம்மாத்திரம்?" என்று சொல்லிக்கொண்டே தூரிகையை எடுப்பாள்.

அவள் வேலையைப் பார்க்க வேண்டும். தூரிகையைச் சிவப்பில் தோய்ப்பாள், நுனி பிரிந்திருந்தால் உதட்டில் வைத்து ஒரு சுழற்று, ஊசி மாதிரி கூராகிவிடும். ஒரே இழுப்பில் நாக்கின் ஓரம். மறுபடி உதடு, மறுபடி இழுப்பு. புருவம், மீசை, பல்லுக்கு நடுவே ரத்தக் கோடு. மூன்று பேருமே அப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்கு முன்னால் எழுதினவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கண் மட்டும் கடைசி. அது ஷெட்டின் சட்டம். கண் எழுதும்வரை அது பொம்மை, தூக்கிப் போடலாம், மேலே துணி காயப்போடலாம். கண் எழுதிய பிறகு அவன் ராட்சசன். தரையில் வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது.

அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது ஷெட்டில் எல்லாருக்கும் மிட்டாய் கிடைத்தது. அவளுக்கு மட்டும் வீட்டில் தடை கிடைத்தது.

முதல் பிள்ளை தங்கவில்லை, ஐந்தாம் மாதம் போய்விட்டது. அது அவள் எங்களிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால். அதனால் இந்த முறை அவள் மாமியார் ஒரே பிடியாக நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி எதைப் பார்க்கிறாளோ அந்தச் சாயல் பிள்ளைக்கு வந்துவிடும், நாள் முழுக்க ராட்சசன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பிறக்கும் என்பது அவர் கேள்வி. அதற்காகத்தானே கர்ப்பிணி இருக்கிற வீட்டில் கொழுகொழு குழந்தைக் காலண்டரை மாட்டுகிறோம்?

"போன தடவ வேலைக்கே போவல," என்றாள் அக்கா என்னிடம். "வூட்டுலயேதான் படுத்துக் கெடந்தேன். ஒரு ராட்சசனையும் பாக்கல. கண்ணத் தொறந்தா காலண்டர்ல கொழந்த, மூடுனா கனவுல கொழந்த. என்னா ஆச்சு?"

அவள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினாள்.

"இந்தத் தடவ சும்மா படுத்துக் கெடக்க மாட்டேன். இங்க இருந்தா பொழுது ஓடுது. நாலு பேரு சிரிக்கிறாங்க. என் எடத்துல இருந்து எழுந்திரிச்சா அப்புறம் எவ வந்து ஒக்காருவான்னும் எனக்குத் தெரியும்."

அன்றிரவு செல்போனில் தேடிப் படித்தேன். அந்த மான்ஸ்டர் என்ற வார்த்தையை ஒரு காலத்தில் வெளிநாட்டில், உடலில் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறார்கள். அது கடவுள் காட்டுகிற எச்சரிக்கை என்றார்களாம். தாய் எதைப் பார்த்துப் பயந்தாளோ அதுதான் பிள்ளையின் மேல் அச்சாக விழுகிறது என்று படித்த மனிதர்களே அங்கேயும் நம்பியிருக்கிறார்கள். காலையில் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப ஒலகம் பூரா எங்க அத்ததானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பேரம் நடந்தது. மாமியார் ஒரு நிபந்தனையில் இறங்கி வந்தார். காலண்டரை ஷெட்டில் அக்காவின் மேஜைக்கு எதிரே மாட்ட வேண்டும். ஒவ்வொரு ராட்சசனையும் முடித்ததும் நிமிர்ந்து ஒரு முறை குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவனைத் தொட வேண்டும். மாட்டுவதற்கு அவரே வந்தார், கையில் சுருட்டிய காலண்டரும் ஆணியும். சுத்தியல் மட்டும் எங்களுடையது.

"பாய், இந்த எடத்துல அடிக்கலாமுங்களா?"

"அடிங்கம்மா. தகரம் கிழியாம அடிங்க."

மாட்டி முடித்துவிட்டு, மருமகள் நிமிர்ந்து பார்க்கிறாளா என்று சோதிக்கப் பக்கத்திலேயே நின்றார். அக்கா வேலையில் இருந்தாள். சிவப்பில் தோய்த்தாள், உதட்டில் வைத்தாள், சுழற்றினாள்.

"அடியே! என்னாடி பண்ற?"

"என்னா பண்றேன்? நாக்கு எழுதுறேன்."

"அவன் நாக்குல வெக்கிற சாயத்த உன் நாக்குல வெக்கிறியேடி! எச்சி பண்ணுனா அவனும் நீயும் ஒண்ணு மண்ணா ஆயிடுவீங்க! பாக்குறது போதாதுன்னு திங்கவும் திங்கிறியா?"

அக்காவோடு சேர்ந்து பெண்கள் மூவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

திங்கிறியா என்று அவர் கேட்டது சரியான கேள்வி. குறைந்த சூட்டில் பளிச்சென்று வருகிற அந்தச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு அது தாயின் ரத்தத்தின் வழியாகவே போகும் என்றுகூட எழுதியிருக்கிறேன். அந்தப் படிப்பு பரீட்சைத் தாளிலிருந்து இறங்கி இந்த மேஜை வரைக்கும் நடந்து வரவேயில்லை. தினமும் இதே உதடுகளைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ராட்சச ராட்டினம், ராட்சசக் குழாய் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

மாமியார் கிளம்பிப் போகும்வரை பொறுத்தேன். பிறகு அக்காவின் கையிலிருந்த தூரிகையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பயத்தில் எனக்கு நிதானமாகச் சொல்ல வரவில்லை. ஈயம் ஒரு மெல்லக் கொல்லும் அரக்கன் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"பேச்சுப் போட்டியா?" என்றாள் அக்கா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அவங்கதான் மூஞ்சியப் பாக்காதங்கறாங்க. நீ கலரத் தொடாதங்கற. அவங்க ஒரு பூச்சாண்டி காட்டுறாங்க, நீ ஒரு பூச்சாண்டி காட்டுற. மொத்தத்துல நான் எழுந்திரிச்சுப் போவணும். அவ்வளவுதானே?"

"இல்லக்கா, இது நெசம்."

"அவங்களும் நெசம்னுதான் சொல்றாங்க."

இதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் ஆஸ்பத்திரி. அக்காவின் வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார், திரும்ப நாளாகும். மறுநாள் அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் நான் சொல்வதை முழுதாகக் கேட்டார். தூரிகையை உதட்டில் வைப்பதை அக்காவே செய்து காட்டியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தன பேரும்மா இப்படிப் பண்றீங்க?"

"எல்லாருமேதாங்க."

ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கலர் பக்கமே போகக் கூடாது என்றார். அக்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். எங்கள் ஊர்ப் பாலக்கரையில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"போன தடவ நான் ஒரு தப்பும் பண்ணல. அப்பவும் போயிடுச்சு. இந்தத் தடவ தப்புன்னு தெரியாமயே தெனம் பண்ணியிருக்கேன். இது என்னா ஆவும்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிவு வருவதற்குள் மாமாவிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பது சரி.

"எல்லாக் கம்பெனிலயும் இதே கலர்தாம்மா அடிக்கிறாங்க. யாருக்கு என்னா ஆச்சு?"

"யாரு பாத்தாங்க மாமா, என்னா ஆச்சுன்னு?"

"ஈயமில்லாத கலர் மங்கலா வரும். ராட்சசன்னா நாக்கு ரத்தச் செவப்பா இருக்கணும். மங்கலா இருந்தா எவன் பயப்படுவான்?"

"நீங்க கல்ஃப்ல பெயிண்ட் ஷாப்லதானே இருந்தீங்க? மாஸ்க் இல்லாம உள்ள வுட்டாங்களா?"

மாமா கையிலிருந்த ப்யூஸ் கட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். வெளியே யாரோ லோடு ஏற்றுகிற சத்தம்.

"வுட மாட்டான்," என்றார் கடைசியாக. "ஒரு நாளு மறந்துட்டுப் போனேன். சூப்பர்வைசர் ஃபிலிப்பைன்ஸ்காரன், என்னை வுடச் சின்னப் பையன். 'பாபா, வெளிய போ'ன்னான். எனக்கு அப்பிடிக் கோவம் வந்துது." கட்டையை மேஜைமேல் வைத்தார். "நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கான், படுபாவி."

புதுக் கலர் வந்தது. கை கழுவக் குழாயடியில் சோப்பு வந்தது. மேஜையில் ஒவ்வொருவருக்கும் ஈர ஸ்பாஞ்சு ஒன்று வைத்து, தூரிகையின் நுனியை அதில்தான் கூராக்க வேண்டும் என்று சொன்னோம். பழக்கம் லேசில் போகவில்லை. கை தானாக வாய்க்குப் போகும். மற்றவள் பார்த்துவிட்டு "ஏய், எச்சி!" என்று கத்துவாள், எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவின் மாமியார் கத்தின அதே குரலில் கத்த வேண்டும் என்பது விளையாட்டின் விதியாகிவிட்டது. புதுச் சிவப்பு மாமா சொன்ன மாதிரியே செங்கல் நிறத்தில்தான் வெந்து வந்தது. திட்டக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற வியாபாரி முதல் லோடைப் பிரித்துப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"என்னா பாய், ராட்சசன் வெத்தல போட்டுத் துப்புன மாதிரி இருக்கான்?"

"அவனுக்கும் வயசாவுதில்லீங்க," என்றார் மாமா.

ரத்தத்தின் முடிவும் வந்தது. ஈயம் ஏறியிருக்கிறது, ஆனால் கலங்கும்படி இல்லை, இப்போதே விட்டது நல்லது, சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார் டாக்டர். அக்கா அங்கேயே அழுதாள். வெளியே வந்து இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம். குடித்து முடித்ததும் அவள் கேட்டது: "அப்ப நான் எப்ப வேலைக்கு வரட்டும்?"

கலர் மேஜைக்கு நான் விட மாட்டேன், புதுக் கலராக இருந்தாலும் பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம் என்று நினைத்தேன். பின்பக்கம் ஈர வேலை இருந்தது. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, அது பிடித்ததும் திறந்தால் ராட்சசன் வெள்ளையாக, ஈரமாக வெளியே வருவான். அச்சின் இரண்டு பாதி சேருகிற கோடு நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஓடும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுத்து, அச்சு தேய்ந்து மழுங்கிப்போன மூக்கையும் பல்லையும் மூங்கில் குச்சியால் தெளிவாக்க வேண்டும். காய்ந்தபின் தேய்த்தால் தூள் பறக்கும், அது நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்திலேயே செய்தால் ஒன்றுமில்லை. அக்காவின் கைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

தடையாக நின்றது மாமியார்தான். நான் சொன்ன ஈயம் அவரிடம் அவர் கட்சிக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. "நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?" என்று தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

அவர்கள் வீட்டுக்கே போனேன். அவர் முறத்தில் முந்திரிப் பருப்பைப் பரப்பித் தோல் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வா பாப்பா. ஈயத்துல கைய வெக்கக் கூடாதுன்ன. வெக்கல. வூட்டுல கெடக்கட்டும், வுடு."

"ஈயம் கலர்லதாம்மா. களிமண்ணுல இல்ல. பின்பக்கம் ஒக்காந்துக்கிட்டே செய்யிற வேலதான்..."

"அங்கயும் அதே மூஞ்சிதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். "நம்ப வாசல்ல தொங்குறவன காலையில கோலம் போடறச்சல்லாம் பாக்குறேன். அது பரவாயில்லியா அத்த?"

உண்மைதான். பூச்சு முடியாத அந்த வீட்டின் முகப்பில் எங்கள் ஷெட்டு ராட்சசன் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். அக்கா எழுதினவன்.

"அவன் நம்ப வூட்டு ராட்சசன்டீ. நமக்காக நிக்கிறான். ஊரானத்தான் மெரட்டுவான், நம்பள எதுக்கு மெரட்டப் போறான்?"

"அப்ப என் கையால நான் பண்றவன் என்னை மெரட்டுவானா?"

மாமியார் ஒரு பருப்பின் தோலை எடுத்தார். இன்னொன்றின் தோலை எடுத்தார். அடுத்தது கை தவறி முறத்துக்கு வெளியே ஓடியது. அதைப் பொறுக்கியெடுத்து ஊதிப் போட்டார்.

"கண்ணு?" என்றார்.

"என் கைக்கு வரும்போது கண்ணே இருக்காது அத்த. வெறும் குழி. கடைசில கலர் மேசைலதான் தொறப்பாங்க. அங்க நான் போவ மாட்டேன்."

"வாய் மட்டும் இருக்குது உனக்கு." முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். "நாளைக்கி வந்து பாக்குறேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

வந்தார். பலகையில் வரிசையாக ராட்சசர்கள் வெள்ளையாக, கண் இல்லாமல், அப்போதுதான் அச்சிலிருந்து வந்த ஈரத்தோடு படுத்திருந்தார்கள். வர்ணமில்லாவிட்டால் கோரைப் பல்கூட அரிசிப் பல் மாதிரிதான் இருக்கும். அந்த அம்மா ஒவ்வொருவரையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஒருவன் கன்னத்தில் விரலை வைத்தார். விரலின் தடம் பதிந்தது. பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

"குளுப்பாட்டிப் படுக்க வெச்ச கொழந்த மாதிரியில்ல இருக்குது!"

அக்கா அந்தத் தடத்தை ஸ்பாஞ்சால் தடவிச் சமன் செய்தாள்.

"பாய்! சாஞ்சுக்கறதுக்கு நாற்காலி போடுங்க இவளுக்கு. மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு அனுப்பணும். சூள பக்கம் வுடக் கூடாது."

"சரிங்கம்மா."

"அந்தக் காலண்டரக் கழட்டி இங்க மாட்டுங்க. அங்க எவ பாக்கப் போறா?"

அப்படி அக்கா பின்பக்கம் போனாள். எட்டாம் மாதம்வரை வந்தாள். அந்த மாதங்களில் எங்கள் ராட்சசர்கள் மாறிக்கொண்டே வந்ததை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். ஒரே அச்சில் விழுந்தவர்கள்தான், ஆனால் அவள் குச்சி பட்டபின் ஒருவன் யாரையோ நக்கலாகப் பார்த்தான், ஒருவன் பல்வலிக்காரன் மாதிரி தாடையை இறுக்கிக்கொண்டிருந்தான், இன்னொருவன் மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். திட்டக்குடி வியாபாரி நாக்கின் நிறத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, "அந்தச் சிரிக்கிறவன் இன்னும் இருக்கானா?" என்று கேட்க ஆரம்பித்தார். மாமா எங்கோ பார்த்துக்கொண்டு, தேய்ந்த அச்சுகளுக்குப் பதில் புது மாடல் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை போலிருக்கிறது என்றார். அக்காவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

பெண் குழந்தை. அரசு ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம். நான் போனபோது மாமியார் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு விரல், காது, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சாயல் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. "நல்லா இருக்குது," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு இருந்த குரலுக்கு வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் மறுபடி வந்தது பழைய ஸ்பாஞ்சு வேலைக்கு இல்லை. மாமா அவளுக்குச் சுழலும் ஒரு பலகையும் ஒரு மூட்டை களிமண்ணும் கொடுத்து, புது அச்சு எடுப்பதற்கான மூல மாடல் செய்யச் சொல்லியிருந்தார். திட்டக்குடிக்காரர் புதிதாக ஒன்று கேட்டிருந்தார். "புது வூட்டுக்கு ரெண்டு தூணு நிக்குது பாய். ரெண்டுலயும் மீசக்காரனா? ஒரு பொம்பள ராட்சசி ஜோடியா இருந்தா எவ்வளவு அம்சமா இருக்கும்!"

பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்காக மாமியார் பதினொரு மணி வாக்கில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். கைகழுவிய பிறகுதான் அக்காவிடம் கொடுப்பார், அதில் அவருக்கு எங்கள் எல்லாரையும்விடக் கறார். ராட்சசி முடிந்துகொண்டிருந்த அன்றும் அப்படித்தான் வந்தார். ஈரத் துணியை விலக்கி வைத்திருந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அகன்ற நெற்றி. ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே. யாரையோ திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற வாய். யார் சாயல் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கலர் மேஜைக்காரிகளுக்கும் தெரிந்தது, அதனால்தான் இரண்டு நாளாகப் பின்பக்கம் வந்து வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மாமா சூளையின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். சூளை அன்றைக்கு எரியவே இல்லை.

"இது யாருடி?"

அக்கா களிமண் அப்பிய கையோடு நின்றாள். "யாருமில்ல அத்த. சும்மா... ராட்சசி."

அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முகத்துக்கு நேராகக் குனிந்தார். இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிள்ளை கையை நீட்டி ராட்சசியின் மூக்கைப் பிடிக்கப் பார்த்தது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டவர், அந்த மூக்கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மூக்கின் இரண்டு பக்கமும் கல் வைத்த மூக்குத்தி.

"ஒரு பக்கந்தான் வெச்சிருக்குற," என்றார். "ரெண்டு பக்கமும் வெய்யி. அப்பத்தான் எவனும் நிமிந்து பாக்க மாட்டான்."

அக்கா விரல் நுனியில் கடுகளவு களிமண்ணை உருட்டி எடுத்தாள்.